காரின் அடியில் ஒரு ‘டொக்’

ஒழுங்கையிலிருந்து பெரிய வீதிக்கு ஏறும்போது காரின் முன்பக்கத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பாடசாலைக்கு முன்னால் உள்ள வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இன்னொரு தரம். வீட்டுக்காரரிடம் சொன்னால், “பழைய கார் அப்படித்தான்” என்று வானொலியைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறார். இப்படியொரு சத்தத்தோடு மாதக்கணக்கில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் குடும்பங்கள் எத்தனையோ.

சகோதரிகளே, அந்தச் சத்தத்தை அலட்சியம் செய்யவும் வேண்டாம், அதைக் கேட்டுப் பயந்துவிடவும் வேண்டாம். காரின் அடிப்பக்கத்தில் எழும் சத்தங்களில் சில வெறும் தொல்லை. சில, பணத்தைக் கரைப்பவை. ஒன்றிரண்டு மட்டும் உயிரோடு விளையாடுபவை. மூன்றும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும் என்பதுதான் சங்கடம். ஆனால் சத்தம் எப்போது வருகிறது, எப்போது வராமல் இருக்கிறது என்பதை அவதானித்தால் அவற்றைப் பெருமளவு பிரித்தறியலாம். இதற்கு ஸ்பானர் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காது போதும்.

உங்கள் காது சாரதியின் காதை விட நல்ல இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் சாரதி வலப்பக்கம் அமர்கிறார். நீங்கள் இடப்பக்க ஆசனத்தில், இடது முன் சில்லுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறீர்கள். தார் உடைந்த வீதியோரத்திலும், மழைத் தண்ணீர் மூடிக்கிடக்கும் குழியிலும் அதிகம் விழுந்து எழும்புவது அந்தச் சில்லுதான். நீங்களே ஓட்டுபவராக இருந்தால், ஒருநாள் வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு இடப்பக்கத்திலும் பின் ஆசனத்திலும் மாறி மாறி இருந்து பாருங்கள். சத்தம் வரும் பக்கம் நீங்கள் நினைத்ததற்கு மாறாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இந்த விடயம் இப்போது முன்னரை விட முக்கியமாகிவிட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடமும் எங்கள் வீதிகளில் ஓடியவை இருந்த கார்களே. அவற்றோடு அவற்றின் இறப்பர்களும் மூட்டுகளும் முதுமையடைந்துவிட்டன. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் செய்யும் புகைப் பரிசோதனை புகையைத்தான் அளக்கிறது. காரின் அடியில் குனிந்து எவரும் பார்ப்பதில்லை.

சரி, அங்கே என்னதான் இருக்கிறது? சில்லு காரின் உடம்போடு நேரே பூட்டப்பட்டிருப்பதில்லை. விட்ஸ், அக்வா, வெகன் ஆர், அல்டோ என்று நாம் தினமும் காணும் சிறிய கார்களின் முன்பக்கம் எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்புத்தான். மேலே, சுருள் ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு தூண். 1940களில் ஏர்ள் மெக்ஃபேர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்த முறை இது. கீழே, சில்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் இரும்புக் கை. அதனை ‘லோவர் ஆர்ம்’ என்பார்கள். அந்தக் கை காரின் உடம்போடு சேருமிடத்தில் இறப்பரால் ஆன ‘புஷ்’கள் இருக்கின்றன. சில்லோடு சேருமிடத்தில் இருப்பது ‘போல் ஜொயின்ட்’. நமது இடுப்பு மூட்டைப் போல, ஒரு கிண்ணத்துக்குள் உருளும் இரும்புக் குண்டு. இவற்றில் ஏதேனும் தேய்ந்து இடைவெளி விழுந்தால், இரும்பு இரும்பைத் தட்டும். நீங்கள் கேட்கும் ‘டொக்’ அதுதான்.

வாப்பாமார் காலத்து மொரிஸ் மைனரை நினைவிருக்கிறதா? 1948இல் வெளிவந்த அந்தக் காரின் முன் மூட்டுகளுக்குத் தவணை தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்கத் தவறினால் மூட்டுத் தேய்ந்து, ஒருநாள் முன் சில்லு மடிந்து கார் குந்திவிடும். அந்தக் காரின் பேர்போன குறை அது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிரீஸ் அடிக்கும் வேலை கிடையாது. கிரீஸை உள்ளேயே அடைத்து, மேலே ஓர் இறப்பர் உறையைப் போர்த்திவிட்டார்கள். வசதிதான். ஆனால் அந்த உறை கிழிந்த நாளிலிருந்து மணலும் சேற்றுத் தண்ணீரும் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும். மூட்டின் ஆயுள் என்பது அந்த மெல்லிய உறையின் ஆயுள்தான். எனவே சேர்விஸுக்குக் காரை உயர்த்தும் ஒவ்வொரு தடவையும் “இறப்பர் உறைகள் கிழிந்திருக்கின்றனவா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

சத்தத்தைத் தேடுவதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. காரின் பின்பெட்டியை முழுமையாகக் காலி செய்யுங்கள். சரியாக இறுக்கப்படாத ஜெக், மேலதிக சில்லு, குழந்தையின் தள்ளுவண்டி, கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்க மறந்த சஹன் என்று அங்கே கிடப்பவை எழுப்பும் சத்தத்துக்காகக் கராஜுக்குப் போய் வந்தவர்கள் உண்டு. ஆசனங்களுக்குக் கீழே உருளும் தண்ணீர்ப் போத்தலையும் மறந்துவிட வேண்டாம். காலி செய்த பிறகும் சத்தம் இருந்தால்தான் அது காரின் சத்தம்.

அண்மையில் டயர் மாற்றியிருந்தாலோ, சில்லைக் கழற்றிப் பூட்டியிருந்தாலோ, அதன் பின் தொடங்கிய ‘டக் டக்’ சத்தம் வேகத்தோடு விரைவடைந்தால், அங்கேயே ஓரமாக நிறுத்துங்கள். சில்லின் நட்டுகள் தளர்ந்திருக்கலாம். இதற்கு வீடு போய்ச் சேரும் வரை பொறுத்திருக்க முடியாது. சில்லு பூட்டி 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இனி, காதுக்கு வேலை கொடுப்போம். சனநெருக்கடி இல்லாத ஒரு வேளையில், மதிற்சுவர் ஓரமாகக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு மெதுவாகச் செல்லுங்கள். வானொலியும் ஏசியும் நிற்கட்டும். சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி வருவதால் தெளிவாகக் கேட்கும். முதலில் இரண்டு முன் சில்லுகளும் சமமாக ஏறும்படி ஒரு வேகத்தடையைக் கடவுங்கள். பிறகு ஒரு சில்லு மட்டும் குழியில் இறங்குமாறு செல்லுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறும்போது சத்தம் குறைந்து, ஒரு சில்லு மட்டும் விழும்போது ‘கடகட’வென்று வந்தால், பெரும்பாலும் அது ‘ஸ்டெபிலைசர் லிங்க்’ எனும் சிறு கம்பி அல்லது அதோடு தொடர்பான இறப்பர். கார் வளைவில் சாயாமல் இரு பக்கத்தையும் பிணைத்துப் பிடிக்கும் தண்டின் முனையில் அது இருக்கிறது. எல்லாச் சிறிய கார்களிலும் அது இருப்பதில்லை. இருக்கும் கார்களில் முதலில் தேயும் பாகங்களில் அதுவும் ஒன்று. விலை குறைவு, வேலை சுருக்கம், ஆபத்தும் குறைவு. முன்பக்கத்தில் கேட்கும் சத்தங்களில் நீங்கள் விரும்பத்தக்கது இதுவே!

அதே குன்றும் குழியுமான வீதியில் பிரேக்கை மிக இலேசாக மிதித்தபடி சென்று பாருங்கள். மிதிக்கும்போது சத்தம் நின்று, விட்டதும் திரும்ப வந்தால், தளர்ந்திருப்பது பிரேக் பக்கம். சத்தம் தொடர்ந்தால் பிரேக்கை விட்டுவிட்டு மற்றவற்றைத் தேடலாம். கரடுமுரடான வீதி இல்லாமலே, பிரேக் பிடிக்கும்போது ஒரு ‘டொக்’, பின்னோக்கி எடுத்துப் பிரேக் பிடிக்கும்போது இன்னொரு ‘டொக்’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், லோவர் ஆர்மின் புஷ்கள் கிழிந்து அந்த இரும்புக் கை முன்னும் பின்னும் அசைகிறது என்று சந்தேகிக்கலாம். எஞ்சினிலிருந்து ஒழுகும் எண்ணெய் இந்த இறப்பர்களில் ஊறினால் அவை விரைவில் கெட்டுப்போகும். எண்ணெய் ஒழுக்கைத் தடுக்காமல் புஷ் மட்டும் மாற்றுவது வீண் செலவு.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘ட்ரொய்ங்’ என்று ஸ்பிரிங் துள்ளுவதுபோல் கேட்டால், தூணின் மேல்முனையில் உள்ள இறப்பரும் பெயரிங்கும் பழையதாகிவிட்டன என்று கொள்ளலாம். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காத்தான்குடியிலும் பேருவளையிலும் வீசும் உப்புக் காற்று சுருள் ஸ்பிரிங்கை அரித்துவிடும். அதன் கடைசி வளையம் உடைந்து, கூரிய முனை டயரைக் கிழிப்பதும் உண்டு. சமதரையில் காரை நிறுத்தி, டயருக்கும் அதன் மேலுள்ள வளைவுக்கும் இடையில் எத்தனை விரல் நுழைகிறது என்று இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஷொக் அப்சோபரை எல்லோரும் அறிவார்கள். எல்லாச் சத்தத்துக்கும் பழி அதன் தலையில்தான் விழுகிறது. காரின் ஒரு மூலையை நன்றாக அமுக்கிவிட்டு விடுங்கள். எழும்பி உடனே அடங்கினால் அது பெரும்பாலும் தன் வேலையைச் செய்கிறது. இரண்டு மூன்று தரம் ஊஞ்சல்போல் ஆடினாலோ, அதன் உடம்பில் எண்ணெய் வழிந்திருந்தாலோ, மாற்றும் காலம் வந்துவிட்டது. மாற்றும்போது முன்பக்கம் இரண்டையும் அல்லது பின்பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆனால் ஆடாத, ஒழுகாத ஷொக்கைச் சத்தத்துக்காக மட்டும் மாற்றச் சொன்னால், காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இப்போது, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய பாகத்துக்கு வருகிறோம். போல் ஜொயின்ட். மேலே சொன்னவற்றில் ஒன்று பழுதானால் சத்தம் வரும், கார் ஆடும், டயர் தேயும். போல் ஜொயின்ட் முற்றாகத் தேய்ந்தால், குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடும். அந்தக் கணத்தில் சில்லின் கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்க எதுவுமில்லை. சில்லு சாய்ந்து மடியும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கேட்காது. வீட்டு வாசலில் திருப்பும்போது நடந்தால் கவலை கராஜ் செலவோடு போகும். கடுகண்ணாவை இறக்கத்திலோ அதிவேகப் பாதையிலோ நடந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதன் அடையாளங்கள் எவை? மெதுவாகச் செல்லும்போது மேடுபள்ளத்தில் கனமான ‘டொக்’. வளைவில் திருப்பும்போதும் அதே சத்தம். நேர் வீதியில் கார் தானாக ஒரு பக்கம் அலைவது, அல்லது ஸ்டியரிங்கை அடிக்கடி சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியிருப்பது. முன் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்வது. சத்தத்தோடு இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். தூரப் பயணம் வேண்டாம்.

கராஜில் அவர்கள் செய்யும் பரிசோதனை எளியது. நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். காரை உயர்த்தி, சில்லை மேலும் கீழும், அதாவது கடிகாரத்தின் 12க்கும் 6க்கும் நேராகப் பிடித்து அசைப்பார்கள். ஆட்டம் இருந்தால் அது போல் ஜொயின்டாக இருக்கலாம், சில்லின் பெயரிங்காகவும் இருக்கலாம். ஒருவர் உள்ளே இருந்து பிரேக்கை மிதித்துக்கொள்ள மறுபடி அசைக்க வேண்டும். ஆட்டம் மறைந்தால் பெயரிங். மறையாவிட்டால் போல் ஜொயின்ட் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. பிறகு லோவர் ஆர்மின் கீழ் ஒரு நீண்ட கம்பியைக் கொடுத்து நெம்பினால் மூட்டு ஆடுவது கண்ணுக்கே தெரியும். 3க்கும் 9க்கும் நேராகப் பிடித்து அசைக்கும்போது வரும் ஆட்டம் பெரும்பாலும் ஸ்டியரிங்கோடு சேர்ந்த ‘டை ரொட் எண்ட்’டைக் காட்டும். அதுவும் கழன்றால் சில்லு சொன்ன பேச்சுக் கேட்காது என்பதால் அதையும் பொறுத்திருக்கக் கூடாது. இவற்றை வீட்டில் ஜெக் வைத்துச் செய்து பார்க்க வேண்டாம். ஜெக்கில் மட்டும் நிற்கும் காரின் கீழ் தலையையோ கையையோ கொடுப்பது எந்தச் சத்தத்தை விடவும் ஆபத்தானது.

சில இடங்களில் ஊசியால் இறப்பர் உறைக்குள் கிரீஸ் ஏற்றிச் சத்தத்தை நிறுத்திக் கொடுப்பார்கள். காசு மிச்சம் என்று நாமும் மகிழ்ந்துவிடுவோம். தேய்ந்த இரும்பு கிரீஸால் வளர்வதில்லை. சத்தம்தான் சில காலம் அடங்கும். ஆபத்தை அறிவிக்க இருந்த ஒரே மணியையும் நாமே துணி சுற்றி வைத்ததாகிவிடும்.

எக்சல் எழுப்பும் சத்தம் வேறு வகை. முன் சில்லுகளால் இழுபடும் கார்களில், எஞ்சினின் சக்தியைச் சில்லுக்குக் கொண்டுபோகும் எக்சலின் இரு முனைகளிலும் சீ.வி. ஜொயின்ட் உண்டு. ஸ்டியரிங்கை முற்றாகத் திருப்பி, பெற்றோல் கொடுத்து வளைக்கும்போது ‘டக் டக் டக்’ என்று வரிசையாகக் கேட்டால் அது வெளிமுனை. வலப்பக்கம் திரும்பும்போது கேட்டால் பெரும்பாலும் இடது ஜொயின்ட், இடப்பக்கம் திரும்பும்போது கேட்டால் வலது. வெற்றுத் திடலொன்றில் இரு பக்கமும் வட்டமடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சத்தம் வருவதற்கு முன்பே இது தன்னைக் காட்டிக்கொடுக்கும்: சில்லின் உட்புறத்தில் கறுத்த கிரீஸ் தெறித்திருக்கும். உறை கிழிந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் பிடித்தால் கழுவி, புதுக் கிரீஸும் புது உறையும் போட்டு முடித்துவிடலாம். ‘டக் டக்’ தொடங்கிய பின் ஜொயின்டையே மாற்ற வேண்டிவரும். இரண்டுக்கும் இடையிலான செலவு வித்தியாசத்தில் ஒரு மாதத்துச் சாமான் வாங்கலாம்.

பிள்ளைகள் பாடசாலை வானில் போனால் ஒரு வார்த்தை. ஹயேஸ் வான்களில் பின் சில்லுகளே வண்டியைத் தள்ளுகின்றன. புறப்படும்போதும் கியரை முன்னும் பின்னும் மாற்றும்போதும் நடுவில் ‘டங்’ என்று இரும்புச் சத்தம் கேட்டால், நீண்ட சுழல் தண்டின் மூட்டைப் பார்க்க வேண்டும். மாத இறுதியில் பணம் கொடுக்கும்போது வான் நாநாவிடம் மரியாதையாகச் சொல்லிவையுங்கள். பெற்றோர் இரண்டு பேர் சேர்ந்து சொன்னால் இன்னும் நல்லது.

கராஜுக்குப் போனதும், “முன்னுக்கு ஏதோ சத்தம் வருது, பாருங்க” என்று மட்டும் சொன்னால், பாஸ் தனக்குத் தோன்றிய இடத்திலிருந்துதான் தொடங்குவார். ஒன்றை மாற்றுவார், சத்தம் போகாது, இன்னொன்றை மாற்றுவார். அவர் ஏமாற்றுகிறார் என்பதல்ல, அவருக்கு நாம் வழி சொல்லவில்லை. மாறாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “பாஸ், இடப்பக்க முன் சில்லுப் பக்கம். மெதுவாப் போகக்குள்ள ஒரு சில்லு மட்டும் குழியில விழுந்தா வருது. ரெண்டும் சேர்ந்து ஏறினா வரல்ல. பிரேக்கை மெல்ல மிதிச்சாலும் நிக்கல்ல. போன மாதம் மழைக்குப் பிறகுதான் தொடங்கிச்சு.” பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். முடிந்தால் அவரையே ஓட்டச் செய்து, சத்தம் வரும் அதே குழியில் இறக்கிக் காட்டுங்கள். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், ஆட்டத்தைக் கையால் அசைத்துக் காட்டும்படி கேளுங்கள். நல்ல பாஸ் அதற்குக் கோபிப்பதில்லை.

பாவித்த பாகம் மலிவு என்பார்கள். கதவுக்கும் கண்ணாடிக்கும் சரி. போல் ஜொயின்ட், டை ரொட் எண்ட் போன்றவற்றில் வேண்டாம். அது எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடியது என்று எவருக்கும் தெரியாது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். லோவர் ஆர்ம் புஷ் மாற்றினால் அதன் போல்ட்டுகளை, சில்லுகள் தரையில் ஊன்றி வண்டியின் பாரம் இறங்கிய நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். சில்லு தொங்கும் நிலையில் இறுக்கினால் புது இறப்பர் முறுகி விரைவில் கிழியும். அவசர வேலையில் அடிக்கடி தவறிப்போவது இது.

முன்பக்க மூட்டுகளில் கைவைத்த பின் வீல் எலைன்மென்ட் பார்க்க வேண்டிவரும். பிறகு, முதலில் சென்ற அதே மதில் ஓரத்தில், அதே குழியில், அதே அளவு ஆட்களோடு ஓட்டிக் கேளுங்கள். நேர் வீதியில் ஸ்டியரிங் நேராக நிற்கிறதா, கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதையும் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே பார்த்துக்கொண்டால், கராஜ் மூடுவதற்குள் திரும்பிப் போக நேரமிருக்கும்.